மூன்றாம் கட்டத்தில் அப்பா

அப்பா கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், என் டையின் முடிச்சில் குறை கண்டுபிடித்தது. அது என் டையும் இல்லை. நான் அதைக் கட்டியிருக்கவும் இல்லை.

எங்கள் ஊரான தேஜோனின் ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் நாம்குங் என்பவரின் ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே முகத்தை மட்டும்தான் படம் எடுப்பார். கழுத்துக்குக் கீழே நாம் என்ன உடுத்தியிருக்கிறோம் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கணினியில் ஒரு கருநீலக் கோட்டு, ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு கருஞ்சிவப்பு டை எல்லாம் தயாராக இருக்கும். அதன்மேல் நம் தலையைப் பொருத்துவார். எங்கள் ஊரில் இன்டர்ன்ஷிப் தேடும் பையன்கள் கழுத்து வரைக்கும்தான் வெவ்வேறு ஆட்கள்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவும் என்னோடு வந்திருந்தார். வரவேண்டிய அவசியமே இல்லை. அடுத்த தெருவில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

“அண்ணே, நீங்களும் உட்காருங்க. லைசென்ஸுக்குப் படம் வேணும்னீங்களே,” என்றார் நாம்குங்.

அப்பா சூப் கறை படிந்த கடுகு நிற ஸ்வெட்டரோடு முக்காலியில் உட்கார்ந்தார்.

“எனக்கும் அதே கோட்ட போடுப்பா. இவனுக்கு எடம் கெடைக்கலன்னா இவன் தலைய எடுத்துட்டு என் தலைய வெச்சு அனுப்பிடலாம். கம்பெனிக்காரனுக்கு வித்தியாசமா தெரியப் போவுது?”

திரையில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தோம். ஒரே கோட்டு, ஒரே டை. அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

“முடிச்சு எடப்பக்கம் சாஞ்சிருக்குப்பா.”

“அண்ணே, பத்து வருஷமா இதே டைதான். இதுவரைக்கும் ஒருத்தனும் சொல்லல.”

“அவனுங்க மூஞ்சியே பாக்கறதில்ல, டையவா பாக்கப் போறானுங்க? பையனோடத இப்பவே குடுத்துடு, அவசரம். என்னோடத நேராக்கி வை, அப்புறமா வந்து வாங்கிக்கறேன்.”

பிறகு இருவரும் போய்க் குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிட்டோம். என் கிண்ணத்தில் இருந்த முட்டைப் பாதியை அவர் கேட்காமலே எடுத்துக்கொண்டார்.

இந்தப் படம் எதற்கு என்று சொல்ல வேண்டும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ‘எதிர்காலத் திறன் வாழ்க்கைத்தொழில் ஒருங்கிணைப்பு மேம்பாட்டு மையம்’ என்று ஒன்று உண்டு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு வரிசை நீண்டுவிடும் என்பதால் ‘மையம்’ என்போம். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எல்லோரும் அதன் இயக்குநர் யோம் ஆற்றும் ‘இன்டர்ன்ஷிப் தேடுவது எப்படி’ என்ற உரையைக் கட்டாயம் கேட்க வேண்டும். வராதவர்களுக்கு மதிப்பெண் குறையும். வந்தவர்களுக்கு வேறு ஏதோ குறைந்தது. அதற்குப் பெயர் தெரியவில்லை.

“பிள்ளைங்களா, இன்டர்ன்ஷிப்னா என்ன?” என்று தொடங்கினார் இயக்குநர். “அனுபவம் இல்லாதவங்களுக்கு அனுபவம் குடுக்கற எடம். அதனாலதான் அனுபவம் இருக்கறவங்களுக்கு முன்னுரிமை. இதுல என்ன கொழப்பம்?”

யாருக்கும் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன்.

“அனுபவம் இல்லையேன்னு கவலைப்படாதீங்க. இன்டர்ன்ஷிப்புக்குத் தயார்படுத்தற இன்டர்ன்ஷிப் ஒண்ண நம்ம மையமே நடத்துது. அதுக்கும் போட்டி ஜாஸ்திதான். ஏற்கெனவே எங்கயாவது இன்டர்னா இருந்திருந்தா சுலபமா கெடைக்கும். ஒண்ணு மட்டும் பெருமையா சொல்லிக்கறேன். நம்ம மையத்தோட வெற்றி நூத்துக்கு நூறு. எடம் கெடைச்சவங்கள்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் எடம் கெடைக்காம போனதில்ல!”

கைதட்டல் ஓய நேரம் பிடித்தது.

உரையிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். எந்த நிறுவனமாக இருந்தாலும் விண்ணப்பத்தில் நான்கு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம், நீ வளர்ந்த விதம். இரண்டாவது, உன் பலமும் பலவீனமும். மூன்றாவது, நீ சந்தித்த மாபெரும் கஷ்டமும் அதை வென்ற விதமும். நான்காவது, எங்கள் நிறுவனத்துக்காக உன் இளமையை எப்படிக் கொடுப்பாய். நூடுல்ஸ் கம்பெனியோ, பற்பசைக் கம்பெனியோ, கப்பல் கட்டுகிறவர்களோ, எல்லோருக்கும் இந்த நான்குதான் தெரிய வேண்டும்.

மையத்தின் ஆலோசகர் மியோங் என்ற பெண்மணி. அவர் மேசையில் எப்போதும் ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை இருக்கும். மாணவர்கள் தங்கள் மூன்றாம் கட்டத்தைச் சொல்லும்போது அழுவார்கள் என்பதற்காக. என் முறை வந்தபோது அவர் என் விண்ணப்பத்தைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கும் டாக்டரைப் போலப் புருவத்தைச் சுருக்கினார்.

“மூணாவது கட்டம் காலியா இருக்கே தம்பி.”

“எதுவும் தோணல மேடம்.”

“அப்பா அம்மா பிரிஞ்சிருக்காங்களா?”

“இல்ல மேடம்.”

“சண்டையாவது?”

“டிவி ரிமோட்டுக்குப் போடுவாங்க.”

“கட திவாலாச்சா? பாதி திவால்னாகூட போதும்.”

“நல்லாத்தான் போகுது மேடம். இப்ப எல்லாரும் போன் பாக்கறாங்க இல்ல, கண்ணு கெட்டுப்போய் வந்துட்டே இருக்காங்க.”

“ராணுவத்துல? அத எழுதினா எவனும் படிக்க மாட்டான், எல்லாப் பையனும் போய்ட்டு வர்றதுதான். இருந்தாலும் சொல்லுங்க.”

“முகாம் கடையில ஐஸ்கிரீம் வித்தேன்.”

அவர் பேனாவை மூடிவைத்தார்.

“ஒடம்புக்கு ஏதாவது?”

“பீச் பழம் தின்னா அரிக்கும்.”

பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“இருபத்து மூணு வயசாச்சு. ஒரு கஷ்டம்கூட குடுக்காம வளத்திருக்காங்க. உங்க எதிர்காலத்தப் பத்தி வீட்ல யாரும் யோசிக்கவே இல்லையா தம்பி?”

வெளியே காத்திருந்த மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி ஏற்கெனவே அழுது முடித்து, திருப்தியோடு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் காதுமடல்கள் சுட்டன. சந்தோஷமாக வளர்ந்ததற்காக நான் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

அன்று சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அடப்பாவமே, எங்க தப்புதான்டா. சொல்லு, என்ன வேணும்? கடைக்குத் தீ வெக்கட்டுமா? ஒங்கம்மாவ வெரட்டி விட்டுடட்டுமா?”

“வெரட்டுவீங்க, வெரட்டுவீங்க. மொதல்ல காலுறை எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க,” என்றாள் அம்மா.

“இல்லன்னா ஒண்ணு பண்றேன். நான் செத்துக் காட்டறேன். பையனுக்கு அருமையா ஒரு பத்தி கெடைக்கும்.”

அம்மா சூப் கரண்டியால் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். கடுகு நிற ஸ்வெட்டரில் அந்தக் கறை அப்படி வந்ததுதான். அவரை அவள் என் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவாள்.

“சங்ஹூன் அப்பா, வாய்க்கு வந்ததெல்லாம் பேசறதா? டேய், நீயும் கேட்டுக்கோ. இந்த மாதிரி வார்த்தைய இந்த வீட்ல யாரும் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது.”

“எழுதலம்மா,” என்றேன். அப்பா முதுகைத் தேய்த்துக்கொண்டே எனக்குக் கண்ணடித்தார்.

மையம் என்னைக் கைவிட்டுவிடவில்லை. என்னைப் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்காக ஜிரி மலையில் ‘கஷ்ட அனுபவ முகாம்’ ஏற்பாடு செய்திருந்தார்கள். பனியில் நடப்பது, பட்டினி கிடப்பது, முடிவில் சான்றிதழ். புறப்படும் அன்று தூறல் போட்டது. மாணவர்கள் கஷ்டப்படக் கூடாது என்று முகாமை ரத்து செய்துவிட்டார்கள். சான்றிதழ் மட்டும் தபாலில் வந்தது.

அடுத்தது புன்னகைப் பயிற்சி. இப்போதெல்லாம் முதல் சுற்று நேர்காணலை மனிதர்கள் நடத்துவதில்லை. கணினியின் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். அது நம் முகத்துக்கு மதிப்பெண் போடும். உதட்டின் இரு ஓரமும் மேலே இருந்தால் நம்பகமானவன். கீழே வந்தால் ஆபத்தானவன். அதனால் மரக் குச்சி ஒன்றைப் பல்லுக்குக் குறுக்கே கடித்துக்கொண்டு தினமும் பயிற்சி செய்தோம். மியோங் மேடம் வரிசையில் நடந்து வந்து சரிபார்ப்பார்.

“யாராவது திட்டினாலும் ஓரம் எறங்கக் கூடாது. கால மிதிச்சாலும் எறங்கக் கூடாது. இனிமே இதுதான் ஒங்க மொகம். சங்ஹூன் தம்பிய பாருங்க, கஷ்டம் இல்லாததால எவ்ளோ லேசா வருது!”

எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். நாள்கணக்கில் கடித்ததில், குச்சியை எடுத்த பிறகும் முகம் அப்படியே நின்றது. யாராவது என்னை நேராகப் பார்த்தால் போதும், ஓரங்கள் தாமாக மேலே போய்விடும். இனிப் படம்தான் பாக்கி என்றார் மேடம். அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை நாம்குங் ஸ்டூடியோவுக்குப் போனோம்.

திங்கட்கிழமை மதியம் அப்பா கடையில், கண்ணாடி தேய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். இதயம். அம்மா பக்கத்தில்தான் ஒரு சிறுமிக்குக் கண்ணாடிச் சட்டம் தேர்ந்தெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் ஓடுகிறதே, வேலை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

மருத்துவமனையின் அடித்தளத்தில் துக்க மண்டபம் ஒதுக்கினார்கள். அங்கே இருந்தவர் முதலில் கேட்டது படம். பூக்களுக்கு நடுவில் வைக்கப் படம் வேண்டும். அப்பாவின் படங்கள் எதிலும் அப்பா ஒழுங்காக இல்லை. ஒன்றில் தின்றுகொண்டிருந்தார், ஒன்றில் யாருடைய தொப்பியையோ போட்டுக்கொண்டு நாக்கை நீட்டியிருந்தார். கடைசியில் நாம்குங்குக்குப் போன் செய்தேன். அவர் அழுதுகொண்டே ஓடி வந்தார், சட்டம் போட்ட படத்தோடு. கருநீலக் கோட்டு, கருஞ்சிவப்பு டை.

“முடிச்ச நேராக்க நேரமில்ல தம்பி,” என்றார். “அப்புறமா வர்றேன்னு சொன்னாரே. அப்புறமா செய்யலாம்னு இருந்துட்டேன்.”

எனக்கு வாடகைக்குக் கறுப்பு சூட்டும், கையில் கட்டும் பட்டையும் கொடுத்தார்கள். நான் வாழ்க்கையில் முதன்முதலாக உண்மையான கோட்டு போட்டது அன்றுதான். ஒரே மகன் என்பதால் படத்தருகே நின்று, வருகிறவர்களுக்கு எதிர்வணக்கம் சொல்ல வேண்டும். வந்தவர்கள் அப்பாவுக்கு இருமுறை விழுந்து வணங்கிவிட்டு, எழுந்து என்னை நேராகப் பார்த்தார்கள்.

என் உதட்டின் ஓரங்கள் மேலே போயின.

முதலில் எனக்குத் தெரியவில்லை. எதிரில் நின்றவர்களின் முகம் மாறுவதைப் பார்த்துத்தான் தெரிந்தது. கீழே இழுக்கப் பார்த்தேன். அடுத்தவர் வந்ததும் திரும்ப ஏறிவிட்டன. மாமா என் முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

“டேய், அப்பன் செத்துக் கெடக்கான். பல்லக் காட்டிட்டு நிக்கற?”

“சிரிக்கல மாமா. பயிற்சி.”

“என்ன பயிற்சி?”

“இன்டர்ன்ஷிப்புக்கு.”

மாமா என்னை ஓங்கி அறைந்தார். ஓரங்கள் இறங்கவில்லை. மியோங் மேடம் இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

அவரும் வந்தார். மையத்தின் பெயர் முழுவதையும் எழுத ரிப்பன் போதாமல் இரண்டு வரியில் எழுதிய மலர்வளையம் முன்னால் வர, இயக்குநர் யோமும் ஆலோசகர் மியோங்கும் பின்னால் வந்தார்கள். முறைப்படி வணங்கினார்கள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் மாட்டிறைச்சிக் காரச் சூப் சாப்பிட்டார்கள். இயக்குநர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். நான் பரிமாறக் குனிந்தபோது மியோங் மேடம் என் கையைப் பற்றிக்கொண்டார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

“என்ன சொல்றதுன்னே தெரியல தம்பி. சொல்லக்கூடிய நேரமான்னும் தெரியல.”

“சொல்லுங்க மேடம்.”

“நூடுல்ஸ் கம்பெனிக்கு வெள்ளிக்கிழம கடைசி நாள். மூணாவது கட்டம் காலியா இருந்துச்சே.”

இயக்குநர் கரண்டியை வைத்துவிட்டுத் தலையசைத்தார். “பெரிய எழப்பு. ஆனா எவ்ளோ சரியான சமயத்துல! செல பேருக்கு வேலைக்குச் சேந்த அப்புறம் அப்பா போறாரு. அதனால என்ன பிரயோஜனம்?”

நான் சூப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனேன். அம்மா அங்கே யாருக்கோ முள்ளங்கி ஊறுகாய் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டிருக்கக் கூடாது என்பது மட்டுமே அப்போது என் மனதில் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் மையத்துக்குப் போனேன். வீட்டில் அம்மா அப்பாவின் செருப்புகளை வாசலில் ஒழுங்காக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. மேடம் கணினி முன்னால் தயாராக இருந்தார்.

“அம்மாவுக்குத் தெரியக் கூடாது மேடம்,” என்றேன்.

“விண்ணப்பம் முழுக்க ரகசியம் தம்பி. நாம ரெண்டு பேர், கம்பெனி, தேர்வுக் குழு, கணினி. வேற யாருக்கும் போகாது. சரி, சூழ்நிலை, சவால், செயல், விளைவு. நாலும் வேணும். அப்பா எறந்ததுல ஒங்க பங்களிப்பு என்ன?”

“பங்களிப்பா?”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“நின்னேன்.”

“‘தலைமை ஏற்றேன்.’ வந்தவங்க எத்தன பேர்?”

“எண்ணல மேடம்.”

“எண்ணியிருக்கலாமே! எண்ணிக்கை இல்லாத கஷ்டத்த யாரு நம்புவா? சரி, ‘திரளான வாடிக்கையாளர்களை’ன்னு போடறேன். விளைவு? அப்பா போனதால என்ன முன்னேற்றம்?”

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அதுதான் இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

“குளிர்சாதனப் பெட்டியில முட்டை மிச்சமாகுது,” என்றேன்.

“‘வளங்களைச் சிக்கனமாக நிர்வகிக்கக் கற்றேன்,’” என்று தட்டினார். பிறகு நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார். ஒரு ஓவியர் கடைசித் தீற்றலை முடித்துவிட்டுப் பார்ப்பது போல. “அருமை தம்பி. ஒங்களுக்கும் ஒண்ணு கெடைச்சிருச்சு.”

கணினி நேர்காணலில் நான் மையத்திலேயே அதிக மதிப்பெண் பெற்றேன். ‘தந்தையின் மரணம்’ என்று சொல்லும்போது என் புன்னகை ஒரு மயிரிழைகூட அசையவில்லை என்று அறிக்கை வந்தது.

கடைசிச் சுற்று சியோலில், நூடுல்ஸ் கம்பெனித் தலைமையகத்தில். மையம் இரவல் கொடுத்த கோட்டில், மையம் இரவல் கொடுத்த சாம்பல் நிற டையில் போனேன். ஒரே நேரத்தில் ஐந்து பேரை உட்காரவைத்துக் கேட்டார்கள். பெயர் கிடையாது, எண்தான். நான் மூன்று.

முதல் எண்ணின் வீடு எரிந்திருந்தது. இரண்டாம் எண் அப்பாவை இழந்திருந்தான். நான்காம் எண்ணும் அப்படியே. ஐந்தாம் எண் அப்பா, அம்மா இருவரையும் இழந்திருந்தாள். அவள் பேசியபோது மற்ற நால்வரும் பொறாமையோடு தரையைப் பார்த்தோம். நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி காகிதங்களைப் புரட்டிக் கொட்டாவியை அடக்கினார்.

“இன்னைக்கு அப்பா இல்லாதவங்க ரொம்ப வந்திருக்கீங்க. காலையில வந்த கூட்டத்துலயும் அப்பாதான். கொஞ்சம் வேற மாதிரி ஏதாவது இருக்கா? மூணாம் நம்பர்?”

“அப்பாதான் சார்,” என்றேன். மன்னிப்புக் கேட்பது போல இருந்தது.

அவர் என் விண்ணப்பத்தில் இருந்த படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“படத்துல இருக்கற டை நல்லா இருக்கே. இன்னைக்கு ஏன் அதக் கட்டிட்டு வரல?”

இதற்கு மையத்தில் பயிற்சி தரவில்லை.

“அது இப்ப எங்கப்பா கட்டியிருக்காரு சார்.”

“அப்பா எறந்துட்டார்னு எழுதியிருக்கீங்க?”

“ஆமா சார். எறந்து போய்த்தான் கட்டியிருக்காரு.”

ஐந்தாம் எண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அறையில் ஒரு மனிதர் ஒரு மனிதரைப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

“அப்பாவோட மரணத்துலேர்ந்து என்ன கத்துக்கிட்டீங்க?”

மனப்பாடம் செய்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அது வரவில்லை.

“எதுவும் கத்துக்கல சார். அதுவரைக்கும் எனக்குக் கஷ்டமே வரல. வராம அவர் பாத்துக்கிட்டாரு. இப்ப அவர் இல்ல. அவ்ளோதான்.”

அதிகாரிகள் மூவரும் குனிந்து எழுதினார்கள். தொலைந்தேன் என்று நினைத்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சற்று நிம்மதியாகக்கூட இருந்தது. ரயிலில் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். ஓரங்கள் மேலேயே இருந்தன.

அடுத்த வாரம் தேர்வானதாகச் செய்தி வந்தது. மதிப்பீட்டில் எழுதியிருந்தார்கள்: ‘சிக்கலான தருணத்திலும் நகைச்சுவை உணர்வு. உணர்ச்சிகளின் குறுக்கீடு இல்லை. நிறுவனத்துக்கு ஏற்றவர்.’

அம்மாவிடம், வேலை கிடைத்துவிட்டது, ஆறு வாரம், என்று மட்டும் சொன்னேன். அவள் அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு வைத்தாள். “படிச்சதுக்குக் கெடைச்சிருக்கு,” என்று படத்திடம் சொன்னாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

“காலேஜ் கேட்டுக்கு வா,” என்றாள் அம்மா.

கண்ணாடி மொத்த வியாபாரியிடம் போகும் பேருந்து எங்கள் பல்கலைக்கழக வாயிலைத் தாண்டித்தான் போகும். நான் அதை யோசிக்கவில்லை. மையம் யோசித்திருந்தது. பேருந்திலிருந்து நன்றாகத் தெரியும்படி இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். கார் அளவுக்கு என் முகம். கருநீலக் கோட்டு. கருஞ்சிவப்பு டை. கீழே சிவப்பில்:

‘தந்தையின் மரணத்தையே வாய்ப்பாக மாற்றிய சாதனை மாணவர் தோ சங்ஹூன்! ஆறு வார இன்டர்ன்ஷிப் வென்றமைக்கு வாழ்த்துகள்!’

அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். வழியில் போன ஒரு பெரியவர் படத்தையும் ‘மரணம்’ என்ற சொல்லையும் மட்டும் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

“சின்ன வயசு. பாவம்.”

“இவன்தாங்க அது. உயிரோடதான் இருக்கான்,” என்றாள் அம்மா. பெரியவர் என்னைப் பார்த்தார். என் உதட்டின் ஓரங்கள் மேலே போயின. அவர் வேகமாக நடந்துவிட்டார்.

“என்ன எழுதின?” என்று கேட்டாள் அம்மா.

சொன்னேன். ஒரு நிமிடத்துக்குச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். அதே ஏற்ற இறக்கத்தோடு, ஒரு சொல் மாறாமல் வந்தது. நேர்காணலில் வராமல் போனது, அங்கே, அவள் முன்னால், தங்குதடையின்றி வந்தது. அவள் கடைசி வரை கேட்டாள்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதும்மா.”

“இதுல ஒங்கப்பா எங்கடா இருக்காரு?”

பேனர் காற்றில் படபடத்தது.

“அன்னைக்கு அந்த மனுஷன் வெளையாட்டுக்குச் சொன்னப்ப கரண்டியால அடிச்சேன்,” என்றாள். “பாவம், அடிச்சிருக்க வேணாம். வா.”

அவள் எங்கே போகிறாள் என்று தெரிந்தபோது மையத்தின் படிகளில் ஏறிவிட்டாள். இயக்குநர் யோம் எழுந்து இரு கைகளாலும் வரவேற்றார்.

“வாங்கம்மா, வாங்க! எல்லாப் பெருமையும் ஒங்க வீட்டுக்காரரத்தான் சேரும். அவர் மட்டும் இருந்திருந்தா இது நடந்தே இருக்காது!”

“அத எறக்கிடுங்க,” என்றாள் அம்மா.

“பேனர் கட்டறதுக்கு அனுமதி வேண்டாம்மா. எறக்கறதுக்குத்தான் வேணும். சாதனையக் கொறைக்கற விஷயமாச்சே, குழு கூடணும். நான் தனியா முடிவெடுக்க முடியாது. தனியா முடிவெடுக்காம இருக்கறதுக்குத்தான் என்னை இங்க வெச்சிருக்காங்க.”

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். இருபத்தைந்து வருடம் கண்ணாடிக் கடையில் நின்றவள் பார்க்கும் பார்வை அது.

“கண்ணாடி கோணலா இருக்கு,” என்றாள். “கழட்டுங்க.”

எங்கள் ஊரில் கண்ணாடிக் கடைக்காரர் கழற்றச் சொன்னால் எவரும் ஏன் என்று கேட்பதில்லை. இயக்குநர் கழற்றிக் கொடுத்தார். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், துணியால் சுற்றினாள், கைப்பையில் போட்டு மூடினாள்.

“பேனர எறக்கிட்டுக் கடைக்கு வாங்க. சரி பண்ணித் தர்றேன்.”

“அம்மா... அம்மா, எனக்கு எதுவும் தெரியாது அது இல்லாம...”

“தெரியும்,” என்றாள் அம்மா.

குழு அன்று மாலையே கூடியது. இறக்குவதற்கான உத்தரவில் இயக்குநர் போட்ட கையெழுத்து காகிதத்தை விட்டு மேசைக்குப் போயிருந்ததாம். பேனர் இறங்கியது. மறு வாரம் அதே மரங்களுக்கு நடுவில், அப்பா அம்மா இருவரையும் இழந்த வேறொரு மாணவரின் முகம் ஏறியது.

நான் அந்த ஆறு வாரமும் போனேன். போகாதே என்று அம்மா சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அங்கே எனக்குக் கொடுத்த வேலை, அடுத்த தொகுதி விண்ணப்பங்களின் மூன்றாம் கட்டத்தைப் படித்து, ‘பெற்றோர்’, ‘நெருப்பு’, ‘நோய்’, ‘மற்றவை’ என்று பிரித்து அடுக்குவது. பெற்றோர் அடுக்கு சரிந்து சரிந்து விழும். நிமிர்த்தி வைப்பேன். யாராவது கடந்து போனால் புன்னகைப்பேன்.

கோடையில் ஒருநாள் நாம்குங் வீட்டுக்கு வந்தார். பை நிறைய முலாம்பழம். அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது அம்மாவிடம் கேட்டார்.

“அண்ணி, அந்த முடிச்ச நேராக்கித் தரட்டுமா? அண்ணன் சொல்லியிருந்தாரு. ரெண்டு நிமிஷ வேலை.”

அம்மா பழத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள். “வேணாம் தம்பி. அவர் பாத்தது இதத்தான்.”

முன்பு ரிமோட் வைக்கும் அலமாரியில் இப்போது படம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அம்மா கண்ணாடி துடைக்கும் துணியால் அதைத் துடைக்கிறாள். முடிச்சு இன்னும் இடப்பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.